ஸ்ட்ரோக் ஒன்று, போர் இரண்டு: பழைய புல்லட்டில் 350-ஆ, 500-ஆ?

பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட் ஒன்று வாங்கி ஓட்ட வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் தேடத் தொடங்கிய கொஞ்ச நாளில் ஒரு குழப்பத்தில் வந்து நிற்பார்கள். ஒரு பக்கம் எண்பதுகளில் வந்த 350. இன்னொரு பக்கம் தொண்ணூறுகளின் 500. இரண்டிலும் வார்ப்பிரும்பு சிலிண்டர், நான்கு கியர். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். தள்ளி நின்று பார்த்தால் எது 350, எது 500 என்று பழகிய கண்ணுக்குத்தான் தெரியும். விலை மட்டும் பெரும்பாலும் 500-க்குக் கூடுதலாக இருக்கும். "இவ்வளவு செலவு செய்கிறோம், பெரிய எஞ்சினாகவே எடுத்துவிடலாமே" என்று தோன்றுவது இயல்பு.

அப்படி எடுத்துவிடுவதற்கு முன்னால் எஞ்சினுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். 500 நல்ல வண்டி, சந்தேகமே இல்லை. ஆனால் அதன் நல்ல குணமும் அது நம் தலையில் ஏற்றும் சுமையும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன. அந்த இடம் தெரிந்துவிட்டால் யாருக்கு எது பொருந்தும் என்பது பெரிய கேள்வியாக இருக்காது.

350-ன் பிஸ்டன் விட்டம் 70 மில்லிமீட்டர். மேலும் கீழும் அது பயணிக்கும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 90 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 346 சி.சி. வரும். 500-ல் பிஸ்டன் விட்டம் 84 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக் அதே 90. மொத்தம் 499 சி.சி. பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் சுற்றும் ஆரம் இரண்டிலும் ஒன்றுதான். போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம் மட்டும் 14 மில்லிமீட்டர் அகலமாகியிருக்கிறது. எஞ்சினின் கீழ்ப்பகுதி வடிவமைப்பு, எண்ணெய் சுற்றும் முறை, ஆல்பியன் என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் வடிவில் வந்த நான்கு கியர் பெட்டி, சட்டகம் எல்லாம் ஒரே குடும்பம். சின்ன வண்டி, பெரிய வண்டி என்று இரண்டு தனித்தனி வண்டிகளாக இவற்றை நினைக்கக் கூடாது. 350-க்காக வரைந்த ஒரு கட்டமைப்பின் மேல் அகலமான சிலிண்டரை உட்கார வைத்ததுதான் 500.

இதிலிருந்து முதலில் புரிய வேண்டியது, 500 வேகமாகச் சுற்றும் எஞ்சின் இல்லை. நிமிடத்துக்கு 5000 சுற்றில் 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் உள்ள பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 15 மீட்டர். 350-லும் 15, 500-லும் 15. இரண்டுக்கும் உயர்ந்தபட்சக் குதிரைத்திறன் கிடைப்பதே 5500 சுற்றை ஒட்டித்தான். நாள் முழுக்கச் சலிக்காமல் ஓடும் சுற்றும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. முறுக்கினால் 500 பறக்கும் என்று நினைத்து வாங்குபவர் ஏமாந்துபோவார்.

பிறகு 500-ல் என்னதான் கூடுகிறது? ஒவ்வொரு வெடிப்பிலும் பிஸ்டன் தலையில் விழும் அழுத்தம் அகலமான பரப்பில் விழுகிறது. 70 மில்லிமீட்டர் பிஸ்டனின் பரப்பு சுமார் 38.5 சதுர சென்டிமீட்டர், 84-க்கு 55.4. நூற்றுக்கு 44 கூடுதல். ஆனால் திறன் அந்த அளவுக்கு ஏறவில்லை. பழைய 350-க்குச் சொல்லப்படும் கணக்கு 18 குதிரைத்திறன், 500-க்கு 22 முதல் 24 வரை. அப்படிப் பார்த்தால் நூற்றுக்கு 22 முதல் 33 வரைதான் கூடுதல். காரணம் மூச்சு. 350-ல் இருக்கும் கார்ப்பரேட்டரின் வாய் 24 மில்லிமீட்டர், 500-ல் 28. பரப்பில் 36 சதவீதம்தான் கூடியிருக்கிறது. வயிறு பெருத்த அளவுக்குத் தொண்டை பெருக்கவில்லை. அதனால் சுற்று ஏற ஏற 500-க்கு இழுக்கக் கூடிய காற்று போதாமல் ஆகிவிடுகிறது. கீழ்ச்சுற்றில் அந்தக் குறை தெரியாது. அங்கேதான் 500 தன் உண்மையான பலத்தைக் காட்டும்.

இதை உணர ஒரு மலைச்சாலை போதும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பின்னால் ஆள், பக்கத்தில் பை என்று 350-ல் ஏறினால் வளைவுக்கு வளைவு இரண்டாவது கியருக்கு இறங்கி, முறுக்கி, மூன்றாவது போட்டு, மறுபடி இறங்க வேண்டும். வண்டி ஏறாமல் போகாது. ஓட்டுகிறவருக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். அதே சாலையில் 500 பல வளைவுகளில் மூன்றிலேயே தாங்கிப் பிடித்து ஏறிவிடும். சத்தம் கூடாமல், அவசரம் காட்டாமல், சைலன்சரிலிருந்து வரும் அடி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழுகிற நிலையிலேயே மேலே போகும். 500-ஐக் காதலிப்பவர்கள் காதலிப்பது இதைத்தான். அவர்களைக் குறை சொல்லவே முடியாது.

நெடுஞ்சாலையில் கணக்கு கொஞ்சம் நுணுக்கமானது. ஒரே சுற்றில் ஓடினால் 500 கூடுதலாக அதிரும். பிஸ்டன் கனமானது, கிராங்க் ஆரம் அதேதான், ஆகவே மேலும் கீழும் உதறும் விசை அதிகம். இதைச் சமாளிக்கத்தான் 500-ல் செயினை இழுக்கும் முன் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் பல் கூடுதலாக வைப்பார்கள். 16 பல் இருந்த இடத்தில் 17 வைத்தால் அதே வேகத்துக்கு எஞ்சின் சுற்று சுமார் 6 சதவீதம் குறையும். உதறும் விசை சுற்றின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே சுற்று 6 சதவீதம் இறங்கினால் உதறல் 11 சதவீதத்துக்கு மேல் இறங்கும். கனமான பிஸ்டன் கூட்டியதில் ஒரு பகுதியை இந்தப் பல் கழித்துவிடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் 350 கொஞ்சம் பரபரப்பாக இருக்கும். 500 நிதானமாக இருக்கும், ஆனால் கைப்பிடியில் ஒவ்வொரு அடியும் கனமாக வந்து விழும். எது பிடிக்கும் என்பது அவரவர் கையையும் முதுகையும் பொறுத்தது. வாங்கப்போகும் வண்டியில் எத்தனை பல் ஸ்ப்ராக்கெட் இருக்கிறது என்று கேட்காமல் மட்டும் முடிவெடுக்காதீர்கள். 350-க்கான ஸ்ப்ராக்கெட் மாட்டிய 500, அது வாங்கப்பட்ட காரணத்தையே தொலைத்துவிட்ட வண்டி.

இந்த இரண்டும் எப்படி இப்படி அமைந்தன என்பதற்கு வரலாற்றில் விடை இருக்கிறது. அந்த வரலாறு இன்றும் நம் பாக்கெட்டைத் தொடுகிறது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய புல்லட்டை 350 ஆகத்தான் கொண்டுவந்தது. 1948-ல் முன்மாதிரிகள் போட்டிகளில் ஓடின, 1949-ல் விற்பனை. அகலப்படுத்திய 500, 1953 மாடலாக வந்தது. இந்திய ராணுவமும் காவல்துறையும் எல்லைப்புறச் சாலைகளுக்குத் தேர்ந்தெடுத்தது 350-ஐ. 1955-ல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் பாகங்களைத் தருவித்துக் கோத்தார்கள், அப்புறம் பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். இங்கிலாந்தில் புல்லட் 1962-ல் நின்றுபோனது. திருவொற்றியூரில் நிற்கவில்லை.

1977-ல் அதே 350-ஐ இங்கிலாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதி செய்யத் தொடங்கினார்கள். 350 என்பது நமக்குப் பெரிய வண்டி, அங்கே அது சிறியது. ஏற்றுமதியை முக்கியமாக மனதில் வைத்து 1989-ல் திருவொற்றியூரிலிருந்து 500 வந்தது. கணக்குப் பாருங்கள்: 350 இந்த மண்ணில் 30 ஆண்டுகளுக்கு மேல் ஊறிய பிறகுதான் 500 பிறந்தது. அந்த முப்பது ஆண்டில் ஊர் ஊராக 350-ஐப் பிரித்துக் கோக்கத் தெரிந்த மெக்கானிக்குகள் உருவாகிவிட்டார்கள். மிலிட்டரி ஏலத்தில் வந்த வண்டிகள், போலீஸ் வண்டிகள், பால்காரர் வண்டிகள், வாத்தியார் வண்டிகள் என்று எல்லாமே 350. 500 இங்கே விற்றது குறைவு.

இதன் விளைவை உதிரிப் பாகம் தேடும்போது உணர்வீர்கள். க்ளட்ச், கியர் பெட்டி, சக்கரம், மின்சாரச் சாமான்கள் போன்றவற்றில் பெரும்பகுதி எளிதாகக் கிடைக்கும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலும் புதுப்பேட்டையிலும் 350-க்கான பிஸ்டன், ஹெட், பிளாக் வரைக்கும் கேட்டால் எடுத்துப் போடுவார்கள். 500-ன் பிளாக், ஹெட், நல்ல தரமான பிஸ்டன் என்று வரும்போது சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும், சில நேரம் வெளிநாட்டிலிருந்தே வரவழைக்க வேண்டியிருக்கும். அந்த 14 மில்லிமீட்டர் வித்தியாசம் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் பாகம் அரிது. எஞ்சினில் அதிகம் தேயும் இடமும் சூடாகும் இடமும் அதுவேதான் என்பது இன்னொரு சங்கடம்.

சூடு என்று சொன்னதும் எண்ணெயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புல்லட்டில் எண்ணெய்க்குத் தனித் தொட்டி வெளியே கிடையாது. கிராங்க் கேஸின் பின்பகுதியிலேயே ஓர் அறை, அதில் 2 லிட்டருக்குச் சற்று மேல் எண்ணெய். ஒரு பம்ப் அதைக் கிராங்குக்கு அனுப்பும், இன்னொரு பம்ப் திரும்ப இழுத்து வால்வுகளைத் திறக்கும் ராக்கர்களுக்குக் கொடுத்து அறைக்கு அனுப்பும். 500-ல் எரியும் பெட்ரோல் அதிகம், பிறக்கும் வெப்பம் அதிகம், ஆனால் எண்ணெய் அளவு ஏறக்குறைய அதேதான். சிலிண்டர் வார்ப்பிரும்பு. அலுமினியத்தைப் போல அது வெப்பத்தைச் சட்டென்று வெளியே விடாது. பிஸ்டனோ அலுமினியம், சூட்டில் இரும்பைவிட வேகமாக விரியும். மே மாத வெயிலில் உளுந்தூர்பேட்டைப் பக்கம் முழு த்ராட்டிலில் நீண்ட நேரம் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்வது இப்படித்தான். 350-லும் இது நடக்கும். 500-ல் அகலமான பிஸ்டன் விரிவும் அதிகம், நடுவிலிருந்து சுவருக்கு வெப்பம் போக வேண்டிய தூரமும் அதிகம். புதிதாகப் போர் அடித்த, அதாவது சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போட்ட எஞ்சினை முதல் ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் பொறுமையாகப் பழக்குவது இரண்டுக்கும் அவசியம், 500-க்கு அதைவிடவும் அவசியம்.

கிராங்கும் கனெக்டிங் ராடும் சேரும் பிக் எண்டில் இந்தப் பழைய எஞ்சின்களில் இருந்தது மிதக்கும் புஷ், அதாவது எண்ணெய்ப் படலத்தில் தானும் சுழலும் உலோக வளையம். உருளை பேரிங் இல்லை. சுத்தமான எண்ணெய் இடைவிடாமல் கிடைத்தால் இது நெடுங்காலம் உழைக்கும். எண்ணெய் அழுக்காகிவிட்டாலோ பம்ப் தேய்ந்துவிட்டாலோ மன்னிக்காது. நம்மூரில் பலர் ரீபில்டு செய்யும்போது ரோலர் பேரிங்குக்கு மாற்றியிருப்பார்கள். மாற்றியதில் தவறில்லை, யார் மாற்றினார்கள், கிராங்கை நேராகக் கோத்தார்களா என்பதுதான் கேட்க வேண்டியது. 500-ல் ஒவ்வொரு அடியும் பலமாக விழுவதால் கோணலாகக் கோத்த கிராங்க் 350-ஐவிடச் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும்.

இனி கிக்கர். பல பேருடைய முடிவை மாற்ற வேண்டியது இதுதான், ஆனால் விற்கிறவர் இதைப் பற்றிப் பேசவே மாட்டார்.

இரண்டு எஞ்சினிலும் கம்ப்ரஷன் விகிதம் இன்றைய வண்டிகளோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனாலும் 499 சி.சி. காற்றை ஒரு காலால் அழுத்தித் தாண்டுவது வேறு, 346-ஐத் தாண்டுவது வேறு. அதனால்தான் சிலிண்டருக்குள் உள்ள அழுத்தத்தைத் திறந்துவிட டீகம்ப்ரஷர் என்ற சின்ன லீவர் இருக்கிறது. முறை இப்படி: சாவியைப் போட்டு, ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெதுவாக அழுத்த வேண்டும். பிளக்கில் பொறி விழவைக்கும் மின் தொடர்பு முனையான பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வரும். அந்த இடத்தில் கிக்கரும் கனமாக நிற்கும். டீகம்ப்ரஷரை அழுத்தி, கிக்கரை ஒரு நூல் அளவு தாண்ட விட்டு, லீவரை விட்டுவிட வேண்டும். கிக்கரை மேலே வர விட்டு, பிறகு முழு உடல் எடையையும் போட்டு ஒரே மிதி. அவசரப்படாமல் செய்தால் நல்ல நிலையில் உள்ள எஞ்சின் இரண்டு மூன்று மிதிக்குள் பிடித்துவிடும்.

350-ல் இந்தச் சடங்கில் பாதியை விட்டுவிட்டு ஓட்டுகிறவர்கள் ஏராளம். வண்டி பொறுத்துக்கொள்ளும். 500-ல் விட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். பொறி விழும் டைமிங் முன்னால் தள்ளியிருந்தாலோ, அதைச் சுற்றுக்கு ஏற்ப மாற்றும் அட்வான்ஸ் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ கணுக்காலுக்கு ஆபத்து. முழங்கால் வலி உள்ளவர், உடல் எடை குறைவானவர், அலுவலகத்துக்கு அன்றாடம் ஓட்டப்போகிறவர், சிக்னலில் எஞ்சின் நின்றால் பின்னால் நிற்கும் ஹாரன் சத்தத்துக்கு நடுவில் இந்த முறையைப் பொறுமையாகச் செய்ய வேண்டியவர் எல்லாரும் 350 பக்கம் போவது நல்லது. இதில் வீரத்துக்கு இடமில்லை.

பிரேக் விஷயத்தில் மட்டும் 500 ஒரு படி மேல். பழைய 350-களில் முன்சக்கர டிரம் 6 அங்குலம். 500-க்கு 7 அங்குல டிரம், இரண்டு ஷூவும் முன்னோக்கித் தள்ளும் வகை. சரியாக அட்ஜஸ்ட் செய்து வைத்தால் அந்தக் காலத்து டிரம்மாக இருந்தும் நன்றாகவே நிற்கும். ஆனால் 80-லிருந்து 100 கிலோமீட்டருக்கு வேகத்தைக் கூட்டினால் நிறுத்த வேண்டிய ஆற்றல் 56 சதவீதம் கூடும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 500-ன் கூடுதல் பிரேக்கை அது கொடுக்கும் கூடுதல் வேகமே விழுங்கிவிடுகிறது. 350 வாங்குகிறவர் பிற்காலத்து 7 அங்குல முன்சக்கரத்தை மாட்டிக்கொண்டால், இந்த இரண்டு வண்டியில் பாதுகாப்பானது அதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

பெட்ரோல் செலவு இந்த முடிவைத் தீர்மானிக்காது. 350 லிட்டருக்கு முப்பதுக்கு மேல் கொடுக்கும், 500 அதற்குச் சற்றுக் கீழே. அவ்வளவுதான். பெட்ரோலின் தன்மைதான் கவனிக்க வேண்டியது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. இந்த எஞ்சின்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் கெடுக்கும். கார்ப்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான ஜெட் அதே அளவில் இருந்தால் கலவை மெலிந்து எஞ்சின் கூடுதலாகச் சூடேறும். சூட்டுக்கு ஏற்கெனவே இடம் குறைவாக இருக்கும் 500-ல் இது முக்கியம். எந்த வண்டி வாங்கினாலும் குழாய்களைப் புதிதாக மாற்றி, மெயின் ஜெட்டை ஓர் அளவு கூட்டிப் பார்த்து, பிளக் நிறத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதாக இருந்தால் டேங்கைக் காலியாக்கிவிடுவது நல்லது.

பார்க்கப் போகும்போது, "நான் வரும் வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் சிலிண்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் நீலப்புகை வந்து சில நிமிடத்தில் அடங்கினால் பயப்பட வேண்டாம். நிற்கும்போது எண்ணெய் பம்ப் வழியாகக் கிராங்குக்குள் கசிந்திருக்கும், பழைய புல்லட்டில் அது சகஜம். புகை அடங்காமல் தொடர்ந்தால் ரிங், போர் வேலை காத்திருக்கிறது. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து போடும் ஓவர்சைஸ் பிஸ்டன்களில் இப்போது எந்த அளவு ஓடுகிறது என்று கேளுங்கள். கடைசி அளவாக இருந்தால் அடுத்த முறை சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்ற புது உறை போட வேண்டும். 350-ல் இது விலை பேச ஒரு காரணம். 500-ல் வாங்கலாமா வேண்டாமா என்றே யோசிக்க வேண்டிய காரணம்.

எஞ்சின் மெதுவாக ஓடும்போது ராக்கருக்குப் போகும் எண்ணெய்க் குழாயின் நட்டை லேசாகத் தளர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் ஒழுங்காக வெளியே வர வேண்டும். வரவில்லை என்றால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்திவிடுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் திடீரென முழுதாக முறுக்குங்கள். சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் க்ளட்ச் வழுக்குகிறது. 500-ன் இழுவையைத் தாங்க வேண்டியிருப்பதால் அதில் இந்தச் சோதனையைத் தவறவிடக் கூடாது. கியருக்குக் கியர் நடுவில் பொய் நியூட்ரல் விழுவது ஆல்பியன் பெட்டியின் பழக்கம், அட்ஜஸ்ட் செய்தால் குறையும். ஓட்டும்போது கியர் தானாகக் கழன்று விழுந்தால் அது வேறு, பல்லோ கியர்களைக் கோத்துப் பிடிக்கும் டாகோ தேய்ந்துவிட்டது என்று பொருள்.

காகிதங்களில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுக்கு மேல் ஆன வண்டிதான் விண்டேஜ். அதற்குத் தனி எண் வரிசை, புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். ஆனால் அப்படிப் பதிவு செய்த வண்டியைக் கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம், அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் பதிவான 350 இந்த வரம்புக்குள் வந்துவிடும். திருவொற்றியூர் 500-ன் முதல் வண்டிகளே 2039-ல்தான் அதைத் தொடும். ஓட்டுவதற்காக வாங்குகிறவருக்கு இது நல்ல செய்திதான். இரண்டு வண்டியையுமே சாதாரணப் பதிவில் வைத்து, 15 ஆண்டுக்குப் பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொண்டு ஓட்டலாம். புதுப்பிக்காமல் பல வருடம் கிடந்த வண்டி என்றால் நிலுவையில் உள்ள வரியும் அபராதமும் எவ்வளவு என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிட்டு விலை பேசுங்கள்.

என்னிடம் கேட்டால், முதல் பழைய வண்டி வாங்குகிறவருக்கு, தனியாக ஓட்டுகிறவருக்கு, நகரத்துக்குள் பாதி ஓட்டம் உள்ளவருக்கு, சிறிய ஊரில் இருந்துகொண்டு உள்ளூர் மெக்கானிக்கை நம்பியிருப்பவருக்கு 350-தான். இந்தக் கட்டமைப்பு வரையப்பட்டது அந்த எஞ்சினுக்காக. அதில் எல்லாப் பாகத்துக்கும் தாங்கும் சக்தி கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இரண்டு பேராக மலைக்கும் தொலைதூரத்துக்கும் போகிறவர், கிக்கர் முறையைக் கற்றுக்கொண்டு தினமும் கடைப்பிடிக்கிறவர், பாகத்துக்காக ஒரு மாதம் வண்டியை நிறுத்தி வைக்க முடிகிறவர் 500 வாங்கட்டும். அவர் 80-ஐத் தாண்டாமல், கீழ்ச்சுற்றில் ஓட்டினால் அந்த எஞ்சின் தரும் சுகத்தை 350 ஒருநாளும் தராது.

மூன்றாவதாக ஒரு வழியைச் சிலர் சொல்வார்கள்: 350 வாங்கி, 500-ன் சிலிண்டரையும் பிஸ்டனையும் ஏற்றிவிடலாம் என்று. ஸ்ட்ரோக் ஒன்றுதான் என்பதால் இது நடக்கக்கூடியதே. ஆனால் கிராங்க் கேஸின் வாயைக் கடைந்து அகலப்படுத்த வேண்டும், அதன் பிறகு பழைய நிலைக்குத் திரும்புவது எளிதில்லை. கனமான பிஸ்டனுக்கு ஏற்ப ஃப்ளைவீலின் சமநிலையை மாற்றாவிட்டால் வண்டி உதறித் தள்ளும். 6 அங்குல பிரேக் அப்படியே இருக்கும். ஆர்.சி.யில் 346 என்று இருக்கும், எஞ்சினில் 499 ஓடும். பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. நாளை ஒரு விபத்து என்றால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது இதைத்தான். சந்தையில் குறைந்த விலைக்கு வரும் 500-களில் சில இப்படிப் பிறந்தவை. எஞ்சின் எண், சேஸிஸ் எண், சி.சி. மூன்றும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.